ஒன்று கூட்டி எழுதிய விடைகள்

அந்தக் கட்டண ஜன்னலுக்கு மூன்று கம்பிகள். ஓரத்துக் கம்பிகள் இரண்டிலும் பச்சைப் பெயிண்ட் அப்படியே இருக்கும். நடுக்கம்பியில் மட்டும் பெயிண்டே கிடையாது. பணம் கட்ட வருகிறவர்கள் அத்தனை பேரும் அதைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார்கள். பிடித்துப் பிடித்தே தேய்ந்துபோயிருந்தது.

ஒரு மே மாதக் காலையில் நானும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்து மணிக்கே கம்பி சுட்டது. கைப்பையில் குவைத்திலிருந்து என் வீட்டுக்காரர் அனுப்பிய பணம். அவ்வளவு பணத்தை ஒன்றாகத் தூக்கிக்கொண்டு நான் அதற்குமுன் வெளியே போனதில்லை. பஸ்ஸில் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டே வந்ததில், பக்கத்தில் இருந்த அம்மாள் உள்ளே ஏதோ உயிருள்ள பொருள் இருக்கிறது என்று நினைத்து ஒதுங்கி உட்கார்ந்தாள்.

ஜன்னலுக்கு உள்ளே நஸீமா மேடம். கட்டணம் வாங்குவது, ரசீது போடுவது, கட்டாதவர்களுக்கு போன் செய்வது எல்லாம் அவர்தான். பல தலைமுறையாக இந்த ஊரில் ஜவுளி வியாபாரம் செய்த குடும்பத்துப் பெண். வருகிறவர் முகத்தைப் பார்த்தே முழுசாகக் கட்ட வந்திருக்கிறாரா, பாதியா, சமாதானம் சொல்ல வந்திருக்கிறாரா என்று சொல்லிவிடுவார்.

“மூணு வருஷத்துதும் சேத்துக் கட்டப் போறீங்களா?” என்றார்.

“ஆமாங்க மேடம்.”

“வீட்டுக்காரரு சரின்னுட்டாரா?”

“சரின்னுட்டாருங்க.”

“நல்லா யோசிச்சுக்குங்க. கட்டினா கட்டினதுதான். நடுவுல கேட்டா ஒத்த ரூபா திரும்பாது. அப்புறம் என்னாண்ட வந்து நிக்கக் கூடாது.”

யோசித்துவிட்டேன் என்றேன். உண்மையில் நான் யோசிக்கவில்லை, கணக்குப் போட்டிருந்தேன். இரண்டும் ஒன்றுதான் என்று அந்த வயதில் எனக்கு எண்ணம்.

அவர் ரசீதில் முத்திரை குத்தினார். வருடத்துக்கு ஒன்றாக மூன்று தடவை. அந்த மூன்று குத்தில், அந்த மாதமே ஊருக்கு வந்திருக்க வேண்டிய மனிதர் இன்னும் இரண்டு வருடம் வரமுடியாமல் போனார்.

நோட்டீசில் உள்ளதும் இல்லாததும்

எனக்குச் செங்கம் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள் விசா தாள்களை நகலெடுக்க வருவார்கள். உள்ளூர்க்காரர்கள் ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் மார்க் ஷீட்டோடு வருவார்கள். யார் வீட்டுப் பிள்ளை எந்தப் பாடத்தில் கோட்டை விட்டது என்பது வாத்தியார்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் கட்டண நோட்டீசை டைப் அடித்துக் கொடுத்ததும் நான்தான். வருடக் கட்டணம் முழுவதையும் ஜூனிலேயே கட்டினால் சிறு தள்ளுபடி உண்டு. மூன்று டெர்முக்கு மூன்று தவணை என்றால் தள்ளுபடி கிடையாது. மாதாமாதம் கட்டுவதென்றால் பத்து தவணை, கூடக் கொஞ்சம் ஜாஸ்தி. இதெல்லாம் எப்போதும் உள்ளது. அந்த வருடம் புது பிளாக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதனால் நான்காவதாக ஒன்று சேர்ந்தது. மூன்று வருடத்துக் கட்டணத்தையும் மே மாதக் கடைசிக்குள் மொத்தமாகக் கட்டினால் மூன்று வருடமும் கட்டணம் ஏறாது, கடைசி டெர்ம் இலவசம்.

டைப் அடிக்கும்போதே என் விரல் நின்றுவிட்டது. இலவசம் என்று கண்டால் எனக்கு அப்படித்தான் ஆகும். ஒன்றோடு ஒன்று சும்மா கிடைக்கிறது என்றால் வேண்டாத பொருளையும் வாங்கிவந்துவிடுவேன். வீட்டில் இன்றைக்கும் அட்டை பிரிக்காத தோசைத் திருப்பி மூன்று இருக்கிறது.

நோட்டீசில் ஏறாத ஐந்தாவது வழி ஒன்றும் இருந்தது. பௌர்ணமித் தவணை. அடி அண்ணாமலையிலிருந்து படிக்க வருகிற பிள்ளைகளின் வீட்டார் பலர் கிரிவலப் பாதையில் கடை போடுகிறவர்கள். இளநீர், சுண்டல், கற்பூரம், செருப்பு பார்த்துக்கொள்வது என்று ஆளுக்கொரு தொழில். மாதத்தில் ஒருநாள்தான் கையில் காசு புழங்கும். ஐந்தாம் தேதிக்குள் கட்டு, பத்தாம் தேதிக்குள் கட்டு என்றால் அவர்களால் ஆகாது. அதனால் நஸீமா மேடம் காலண்டரில் பௌர்ணமிக்கு மறுநாளை வட்டம் போட்டு வைத்திருப்பார்.

அன்றைக்கு ஜன்னல் அவர்களுக்கு மட்டும்தான். பத்து ரூபாய்த் தாளும் சில்லறையுமாகப் பையோடு கொட்டுவார்கள். தாளில் விபூதி ஒட்டியிருக்கும். தூக்கமில்லாத களைப்பில் வரிசையில் நின்றபடியே சுவரில் சாய்ந்து கண் அயர்வார்கள். மழை கெடுத்த பௌர்ணமி என்றால் மேடம் வாயைத் திறக்கவிடமாட்டார். “அடுத்த பௌர்ணமிக்குப் பாத்துக்கலாம், போய்ப் படுங்க” என்று அனுப்பிவிடுவார்.

அவர்களைப் பார்க்கும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு மிதப்பு உண்டு. நான் மொத்தமாகக் கட்டுகிற கட்சி ஆயிற்றே. ஆனால் ரசீது வாங்கிய கையோடு அந்த அப்பாக்கள் நேரே வீட்டுக்குப் போகமாட்டார்கள். பிள்ளையின் வகுப்பு ஜன்னல் வரைக்கும் போய் எட்டிப் பார்ப்பார்கள். உள்ளேயிருந்து பிள்ளை கையாட்டும், இவர்களும் கையாட்டிவிட்டுப் போவார்கள். அந்த வரவை நான் என் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அவர் கேட்ட கேள்வி

என் வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக். எங்கள் மகள் ஹரிணி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த சமயத்தில் குவைத்துக்குப் போனார். இரண்டு வருட ஒப்பந்தம். முடிந்தால் இரண்டு மாதம் லீவு, போய்வர டிக்கெட் கம்பெனி செலவு. ஊருக்குப் போகவில்லை என்று எழுதிக் கொடுத்தால் லீவுச் சம்பளத்தையும் டிக்கெட் பணத்தையும் கையில் கொடுத்துவிடுவார்கள். அந்த ஊரில் மே, ஜூனில் ஏசி இல்லாமல் மனிதன் இருக்கமுடியாது. ஆள் போகாமல் இருந்தால் கம்பெனிக்கும் கொண்டாட்டம்தான்.

ஹரிணி நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குக் காட்ட வேண்டியதையெல்லாம் ஒரு ஷூ டப்பாவில் சேர்த்து வைத்திருந்தாள். விழுந்த பல் ஒன்று, ஓட்டப் பந்தயத்தில் வாங்கிய ரிப்பன், எதற்கென்று தெரியாத ஒரு கருப்புக் கூழாங்கல்.

நான் போனில் அவரிடம் நோட்டீசைப் படித்துக் காட்டினேன். எவ்வளவு மிச்சம் என்று சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“லீவைக் காசா வாங்கிட்டா சரியா வரும்,” என்றார். பிறகு கேட்டார். “நீ இன்னா சொல்ற கவிதா?”

“இந்த ஒரு வாட்டி மட்டும்தானங்க. அவ படிப்புக்குத்தானே,” என்றேன்.

“சரி,” என்றார்.

வேண்டாம், நீங்கள் வாருங்கள் என்று நான் சொல்வேனா என்றுதான் அவர் காத்திருந்தார். அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் ஆசை இல்லையா? கொடியில் ஒரு ஆண்பிள்ளைச் சட்டை காய்ந்தால் போதும் என்றிருந்த நாட்கள் அவை. பக்கத்து வீட்டு அண்ணன் வாசலில் நின்று ஷேவ் செய்தால் அந்த சோப்பு வாசனைக்கே எனக்குக் கை வேலை ஓடாது. ஆனால் ஆசைக்காக ஒரு டெர்ம் கட்டணத்தை விட்டுக்கொடுப்பது எனக்குப் பெரிய குற்றமாகத் தோன்றியது. குடும்பத்தைக் கட்டிக்காக்கிற பெண் அப்படிச் செய்யமாட்டாள் என்று யாரோ எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். யாரென்று தெரிந்தால் நாலு வார்த்தை கேட்பேன்.

ஹரிணியிடம் சொன்னேன். “அப்பா இந்த வருஷம் வரல கண்ணு. உனக்கு ஃபீஸ் கட்டணுமில்ல?”

அவள் டப்பாவை மூடிவிட்டுக் கேட்டாள். “நான் ஸ்கூலுக்குப் போவலன்னா வந்துடுவாரா?”

நான் சிரித்தேன். மறுநாள் அதைக் கடையில் வேடிக்கையாகச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தேன். நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ரேங்க் எங்கே?

நான் படித்தது கீழ்பென்னாத்தூரில். பரீட்சைத் தாள் கொடுக்கிற நாளில் டீச்சர் எங்களை ரேங்க் வரிசைப்படி நிற்கவைப்பார். நான் எப்போதும் பத்தொன்பது. என் அப்பா கார்டை வாங்கி, “எத்தினி பேர்ல?” என்று மட்டும் கேட்பார். நாற்பத்திரண்டு என்றால், பாதிக்கு மேலே நிற்கிறாள் என்று திருப்தியாகக் கையெழுத்துப் போடுவார். அதற்குமேல் என்னிடம் அவர் எதையும் எதிர்பார்க்கவில்லை, நானும் அவரை ஏமாற்றவில்லை.

ஹரிணியின் கார்டில் ரேங்க் கிடையாது. வகுப்பில் செய்கிற வேலைக்கு நாற்பது, பரீட்சைக்கு அறுபது. பயறு முளைக்கவைப்பது, சார்ட் ஒட்டுவது எல்லாம் அந்த நாற்பதில் வரும். இரண்டையும் கூட்டி எழுத்தாக மாற்றிவிடுவார்கள். ஏ ஒன், ஏ டூ என்று தொடங்கி பி, சி, டி என இறங்கி ஈ-யில் முடியும். பிள்ளைகள் மனம் நோகக்கூடாது என்று இந்த ஏற்பாடாம். நல்லதுதான். ஆனால் பெற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஒருமுறை கடைக்கு வந்த ஒரு விவசாயி, பையன் கார்டில் கணக்குக்கு எதிரே ஏ டூ என்று இருப்பதைக் காட்டி, “ரெண்டாவது ரேங்காம்மா?” என்றார். அந்த வகுப்பில் அன்றைக்கு மட்டும் நான் நகலெடுத்த கார்டுகளிலேயே ஏழெட்டு ஏ டூ இருந்தன. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆமாங்க என்று சொல்லிவிட்டேன். கடையில் இருந்த எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஹரிணிக்கு முதல் இரண்டு வகுப்பிலும் எல்லாப் பாடத்திலும் ஏ ஒன். கார்டு வாங்கப் போனால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். டீச்சர் சிரிப்பார், நான் சிரிப்பேன், கையெழுத்து, அவ்வளவுதான்.

பிங்க் சீட்டு

மூன்றாம் வகுப்பில் காலாண்டுக்குக் கணக்கில் சி வந்தது. கூடவே ஒரு பிங்க் சீட்டு.

அந்தப் பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு வழக்கம். ஏ, பி வாங்கிய பிள்ளைகளின் வீட்டுக்கு வெள்ளைச் சீட்டு வரும், யார் வேண்டுமானாலும் போய்க் கார்டு வாங்கலாம். சி-க்கு இறங்கிவிட்டால் பிங்க். அதில் ‘தந்தை அவசியம் வர வேண்டும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அம்மாக்கள் பிள்ளைக்குப் பரிந்து பேசுகிறார்கள், அப்பா வந்தால்தான் பயம் இருக்கும் என்பது அவர்கள் வாதம். அதையும் டைப் அடித்துக் கொடுத்தது நான்தான். எழுத்து இன்னும் பெரிசாக இருக்கட்டுமா என்று கேட்டு வேறு பெரிதாக்கிக் கொடுத்தேன்.

ஹரிணிக்குப் பக்கத்தில் உட்காருகிற பெண் தர்ஷினி. அவள் அப்பா கீழ்பென்னாத்தூருக்கு வேன் ஓட்டுகிறவர். தர்ஷினிக்கு வருகிறதெல்லாம் பிங்க் சீட்டுதான். ஆகவே அவள் அப்பா வருடத்துக்கு மூன்று நான்கு தடவை வகுப்புக்கு வருவார். கையைக் கட்டிக்கொண்டு டீச்சரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். வெளியே வந்ததும் மகளைத் தோளில் தட்டி, எதிர் பேக்கரியில் ஆளுக்கொரு பப்ஸ் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போவார். இதையெல்லாம் ஹரிணி சாப்பாட்டு நேரத்தில் எனக்குக் கதை கதையாகச் சொல்வாள். பப்ஸில் முட்டை இருந்ததா, காய் இருந்ததா என்பது முதற்கொண்டு சொல்வாள். நான் வேறு வேலையாக, உம் கொட்டிக்கொண்டிருப்பேன்.

காலாண்டுச் சீட்டுக்கு நான்தான் போனேன். வகுப்பாசிரியை ஜெயந்தி மிஸ் என் நிலைமை தெரிந்தவர், அப்பா ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. கவனித்துக்கொள்ளுங்கள் என்றார். வெளியே வந்தால் ஹரிணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள்.

“நீ ஏம்மா வந்த? அப்பான்னுதானே போட்டிருக்கு?”

என் புடவையைப் பார்த்து வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். ஜெராக்ஸ் மை பட்ட புடவை அது. அரையாண்டு வந்தது. கணக்கில் ஈ. அதற்குக் கீழே எழுத்தே கிடையாது.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. அவர் லீவு, அவர் டிக்கெட், அந்த இரண்டு வருடம் எல்லாமே இந்த ஈ-க்காகத்தானா என்று இருந்தது. “மூணு வருஷக் காசு கட்டியிருக்கேன்டி! உங்கப்பனை அங்க வெயில்ல போட்டு வறுத்து எடுத்த காசு!” என்று கத்திக்கொண்டே முதுகில் இரண்டு வைத்தேன். அவள் அழவில்லை. பிங்க் சீட்டை எடுத்து என் முன்னால் நீட்டி, “அப்பாவை வரச் சொல்லு,” என்றாள்.

ரஃப் வேலை

பெற்றோர் கூட்டத்துக்கு முன்பே என்னை வரச் சொல்லி, ஜெயந்தி மிஸ் அந்தக் கணக்குத் தாளை மேசைமேல் விரித்துவைத்தார்.

“இந்த ஓரத்தைப் பாருங்க. ரஃப் வேலைக்கு விட்ட இடம். எல்லாம் சரியா போட்டிருக்கா. இங்க முப்பத்தி நாலு வருது. விடை எழுதற கட்டத்துல முப்பத்தி அஞ்சு. இதுல ஐம்பத்தி ஒண்ணு. கட்டத்துல ஐம்பத்தி ரெண்டு. மொத்தத் தாளும் இப்படித்தான்.”

எல்லா விடையிலும் ஒன்று கூட்டி எழுதியிருந்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

“கணக்கு தெரியாத புள்ளைக்கு இவ்ளோ ஒழுங்கா தப்பு பண்ணத் தெரியாதுங்க,” என்றார் மிஸ். பிறகு ஹரிணியைப் பக்கத்தில் கூப்பிட்டு, “மிஸ் திட்டமாட்டேன். ஏன் இப்படி எழுதின, சொல்லும்மா,” என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள், மிஸ்ஸைப் பார்த்தாள். அடிவிழாது என்று தெரிந்ததும் கேட்டாள்.

“இன்னும் எவ்ளோ கம்மியா வாங்கினா எங்கப்பா வருவாரு மிஸ்?”

மிஸ் பேனாவை மூடி வைத்தார். நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன் என்று மிஸ் பிற்பாடு சொன்னார்.

கட்டினது கட்டினதுதான்

அங்கிருந்து நேரே கட்டண ஜன்னலுக்குத்தான் போனேன். வந்து நிற்கக்கூடாது என்று சொன்னவரிடமே போய் நின்றேன். மாதாமாதம் ஜாஸ்தி கட்டுகிறேன், தள்ளுபடி எதுவும் வேண்டாம், மிச்சம் இரண்டு வருடத்துப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், அவருக்கு டிக்கெட் எடுக்க வேண்டும் என்றேன்.

நஸீமா மேடம் சொல்லிக் காட்டவில்லை. எழுந்து மாடிக்குப் போய் நிர்வாகத்தில் கேட்டுவிட்டு வந்தார். வரும்போது ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார். அதிலேயே பதில் தெரிந்துவிட்டது.

“நானும் சொல்லிப் பாத்துட்டேம்மா. காசா இருந்தா குடுத்துடுவாங்க,” என்று ஜன்னலுக்கு வெளியே கை காட்டினார். “அதோ, செவுரா நிக்குது.”

புது பிளாக்கின் இரண்டாவது மாடிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஈரச் சிமெண்டு வாசனை வந்தது.

வீட்டுக்காரரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். இருபது கணக்கு, இருபது ஒன்று. அவர் மறுநாளே அவசர லீவு கேட்டார். ஊரில் யார் இறந்துபோனது என்று சூப்பர்வைசர் கேட்டாராம். யாரும் இல்லை, மகள் கணக்கில் ஃபெயில் என்றாராம். வண்டியில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஒப்பந்தத்தை நடுவில் முறித்துக்கொண்டு வந்தால் சேர்ந்த பணம் போய்விடும், திரும்பவும் எடுக்கமாட்டார்கள்.

“வந்துடட்டுமா?” என்று என்னைக் கேட்டார்.

இந்த முறையும் நான் கணக்குத்தான் போட்டேன். வேண்டாம் என்றேன். அதைச் சொல்லிவிட்டுக் கடையில் மெஷினை ஓடவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதேன்.

“உக்காருங்க சார்”

வழி சொன்னது ஜெயந்தி மிஸ். சீட்டில் அப்பா வர வேண்டும் என்றுதான் போட்டிருக்கிறது, எப்படி வர வேண்டும் என்று போடவில்லையே என்றார். பெற்றோர் கூட்டத்து அன்றைக்குத் தன் மேசைக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டு, அதன்மேல் மூன்று நோட்டை அடுக்கி, என் போனை அதில் சாய்த்து நிறுத்தினார். ஹரிணி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள்.

இங்கே பத்து மணி என்றால் அங்கே காலை ஏழரை. வேலைக்குப் போகிற வண்டியை ஓரம் கட்டச் சொல்லி இறங்கியிருந்தார். கம்பெனியின் நீலச் சட்டைக்குப் பதிலாக இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. எங்கள் கல்யாணத்துக்கு மறுவீடு போனபோது அப்படி ஒரு சட்டை போட்டிருந்தார். தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தார். அங்கே குளிர்காலம். பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது.

“வணக்கங்க மிஸ்.”

“வாங்க சார், உக்காருங்க,” என்றார் மிஸ், பழக்கத்தில்.

அவர் பின்னால் திரும்பி இடம் தேடினார். நடைபாதைத் திட்டைக் கையால் தட்டிவிட்டு, மரியாதையாக உட்கார்ந்தார். வரிசையில் காத்திருந்த அப்பாக்கள் யாரும் சிரிக்கவில்லை. தர்ஷினியின் அப்பா தன் மகள் தலைமேல் கை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

மிஸ் தாளைப் போனுக்கு நேரே பிடித்து ஒவ்வொரு கணக்காகக் காட்டினார். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். நடுவில் படம் இரண்டு தடவை உறைந்து நின்றது. அப்போதெல்லாம் ஹரிணி குனிந்து, நின்றுபோன முகத்தை உற்றுப் பார்ப்பாள். படம் அசைந்ததும் நிமிர்ந்துகொள்வாள்.

“ஹரிணிக் குட்டி, அப்பா வந்துட்டேன் பாத்தியா?” என்றார்.

“ம்.”

“இனிமே நல்லா எழுதணும். ஒண்ணும் கூட்டக் கூடாது. சரியா?”

“சரிப்பா.”

வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். போய்ட்டு வரேன் என்று சொல்லிவிட்டு எழுந்தார். போன் இருண்டது. ஹரிணி கொஞ்ச நேரம் அந்த நாற்காலிப் பக்கத்திலேயே நின்றாள். பிறகு மூன்று நோட்டையும் எடுத்து மிஸ்ஸின் மேசையில் ஒழுங்காக அடுக்கிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

முன்னேற்றம்

முழுப் பரீட்சையில் எல்லாப் பாடத்திலும் ஏ ஒன். வெள்ளைச் சீட்டு. கார்டின் அடியில் ஜெயந்தி மிஸ் சிவப்பு மையில் ‘மிகச் சிறந்த முன்னேற்றம்’ என்று எழுதியிருந்தார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம், எழுதியதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

நான் கார்டைப் படம் எடுத்துக் குவைத்துக்கு அனுப்பினேன். அவர் அறையில் இருந்த எட்டுப் பேருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தாராம். “பாத்தியா, நான் ஒரு வார்த்தை வந்து சொன்னதும் மாறிட்டா,” என்றார். அந்தக் குரலில் இருந்த பெருமையை நான் அதற்குமுன் கேட்டதில்லை. ஆமாங்க என்றேன். இன்றுவரைக்கும் அவர் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்.

அதற்கு அடுத்த வாரம் பள்ளி விடுமுறை. ஹரிணி தரையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள். நான் கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தேன். வீட்டில் ஏதோ ஒரு சத்தம் குறைகிறதே என்று சில நாட்களாகவே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. அது என்னவென்று அப்போதுதான் பிடிபட்டது.

“ஏம்மா, இப்பல்லாம் அப்பா எப்போ வருவாருன்னு நீ கேக்கறதே இல்லியே?”

அவள் கலர் பென்சிலை மாற்றிக்கொண்டாள். வானத்துக்கு நீலம் தீட்டத் தொடங்கினாள்.

“ஈ வாங்கியே வரல. இனிமே எப்படிம்மா வருவாரு?” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை, அழவும் இல்லை. போட்டு முடித்த கணக்கின் விடையைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வரைவதைத் தொடர்ந்தாள். அவளுக்கு அப்போது எட்டு வயது.